மூடாத ஈறு

மழை பிடித்துக்கொண்டால் சலவைக்கூடத்தில் எதுவும் ஒழுங்காகக் காயாது. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கயிறுகளில் படுக்கை விரிப்புகள் சொட்டிக்கொண்டே தொங்கும். சுவருக்கே வியர்க்கும். துவைக்கும் மிஷின் ஒரு பக்கம் கடகடவென்று ஓட, பிழியும் டிரம் இன்னொரு பக்கம் தரையோடு சண்டை போட்டுக் குதிக்கும். இத்தனை இரைச்சலையும் தாண்டித் தெருமுனைவரை கேட்கிற குரல் ஒன்று அங்கே உண்டு. அந்தக் குரலுக்காகவே அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் வைத்தது என்று யாருக்கும் நினைவில்லை. வயது ஐம்பதைத் தாண்டியும் பெயர் போகவில்லை, அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. "ரேடியோன்னா நாலு விஷயமாவது காதுல விழும். உங்களை மாதிரி ஓட்டைத் தகரம்னா சத்தம் மட்டும்தான்" என்று அழுக்கு மூட்டை கொண்டுவரும் வண்டிக்காரரிடம் திருப்பிக் கொடுப்பாள்.

கூடத்தை ஆரம்பித்தது அவளுடைய அண்ணன். அவர் போய்ச் சேர்ந்தபின் அண்ணியும் அவளுமாகத்தான் நடத்தினார்கள். இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்பு, ஒரு மருத்துவமனையின் பச்சைத் துணி, அக்கம்பக்கத்தாரின் சட்டை துணிமணி. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்காமல் ரேடியோ பெட்டியோடு திரும்பி வந்தபோது, ஏன் எதற்கு என்று கேட்காமல் சாப்பாட்டைப் போட்டு, மறுநாள் காலை இஸ்திரி மேசையின் எதிர்ப்பக்கத்தைக் காட்டியவள் அண்ணி. அண்ணிக்குப் பேச்சு குறைவு. அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ரேடியோ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதனால் இன்றைக்கும் அவளுக்கு ரேடியோ, பாப்பாதான்.

அந்த மழை வாரத்தில் சாப்பிட உட்கார்ந்தபோது, அண்ணி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து அப்படியே விழுங்குவதை ரேடியோ பார்த்தாள்.

"என்ன அண்ணி, மெல்லாம முழுங்கறீங்க? யாராவது பிடுங்கிக்கப் போறாங்களா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வலது பக்கம் கடிங்க பார்க்கலாம்."

அண்ணி கடிக்கவில்லை. தம்ளரைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். ரேடியோ எழுந்துபோய் அவள் வாயைத் திறக்கச் சொல்லி, போனின் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று நடுவில் கறுத்துக் குழிந்து, சுற்றிலும் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது.

"இது இன்னிக்கு நேத்து வந்ததில்லையே. எத்தனை நாளா மூடி வச்சிருக்கீங்க?"

"மூட்டை நிறைய வந்துட்டே இருந்துச்சுல்ல, பாப்பா. அப்புறம் பார்த்துக்கலாம்னு இருந்துட்டேன்."

அண்ணி அப்படித்தான். முதுகு உடைந்தபோதும் அப்படித்தான் இருந்தாள். இரண்டு வருஷங்களுக்கு முன்னால் டிரம்மிலிருந்து ஈர மூட்டையைத் தூக்கியவள், "இடுப்புல ஏதோ சொடுக்கு" என்று சொல்லிவிட்டு, மூட்டையைக் கீழே போடாமல் மேசைவரை கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். முதுகெலும்பு ஒன்று நசுங்கியிருந்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, எலும்பு உள்ளுக்குள்ளே அரித்து ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி எழுதினார். முதல் ஊசிக்கு முன்னால், "பல்லை ஒருதடவை காட்டிச் சரி பண்ணிட்டு வந்துடுங்க" என்றும் சொன்னார். முதுகு நெருப்பாக எரிந்துகொண்டிருந்தவளுக்குப் பல் யார் நினைவில் இருக்கும்? அந்த வார்த்தை காற்றோடு போயிற்று. ஊசி நன்றாகவே வேலை செய்தது. அண்ணி நிமிர்ந்தாள், மேசைக்குத் திரும்பினாள், சூடான துணியை அடுக்கினாள். மூட்டை தூக்குவதை மட்டும் ரேடியோ அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

பல்லைப் பிடுங்கினால் தீர்ந்தது என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பிடுங்க ஆள் கிடைக்கவில்லை.

முதல் பல் டாக்டர் கண்ணாடி போட்ட பெரியவர். கையுறை மாட்டி, அண்ணியின் வாய்க்குள் விரலை விட்டுக்கொண்டே, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். ரேடியோ வரிசையாகச் சொன்னாள். எலும்பு ஊசி என்று சொன்னதும், கொதிக்கும் பாத்திரத்திலிருந்து எடுப்பதுபோல விரலை எடுத்துவிட்டார்.

"அந்த ஊசி போட்டவங்களுக்குப் பல்லைப் பிடுங்கினா சில பேருக்குப் புண் ஆறாதும்மா. தாடை எலும்பே செத்துப்போகும். எலும்பு டாக்டர்கிட்ட, பிடுங்கலாம்னு எழுதி வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்."

எலும்பு டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருடைய உதவியாளர் நாற்காலியிலிருந்து எழாமலே, "பல்லைப் பத்தி நாங்க எப்படி எழுதித் தர்றது? அது பல் டாக்டர் முடிவு பண்ண வேண்டியது" என்றார்.

"அவர் உங்களைக் கேக்கச் சொல்றாரே."

"நாங்க அவரைக் கேக்கச் சொல்றோம்."

"அப்ப பல்லை நடுரோட்டுல வச்சுட்டுப் போகட்டுமா? யாருக்கு வேணுமோ எடுத்துக்கட்டும்" என்று ரேடியோ போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இரண்டாவது பல் டாக்டர் வாயைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. ஊசி என்றதும், "நான் தொடமாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் அடுத்த மாதக் கடைசியில் ஒரு தேதி கொடுத்தார்கள்.

அதுவரை என்ன செய்வது? வலி மாத்திரை கொஞ்ச நேரத்துக்குப் பிடித்து நிறுத்தும், பிறகு வட்டியும் முதலுமாக வலி திரும்ப வரும். அண்ணியின் கன்னம் வீங்கிக் கண்ணுக்குக் கீழே வரை ஏறியது. வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. அப்போதுதான் இஸ்திரி போட்ட தலையணை உறைகளின் வெதுவெதுப்பில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் கஞ்சி வைத்து, வடித்து, ஆற்றிக் கொடுத்தாலும் இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. ரேடியோ பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள், தெருக்கதையெல்லாம் சொன்னாள், வண்டிக்காரரின் மனைவி அவரைச் செருப்பால் அடித்த கதையைக் கை கால் வைத்துச் சொன்னாள். அண்ணி சிரிக்க முயன்று, தாடையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

ஒருநாள் மதியம் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த ரேடியோ, மிஷின் நின்றபிறகும் ஏதோ தட்டும் சத்தம் மெல்லக் கேட்கிறதே என்று பின்பக்கம் போனாள். சோப்பு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அண்ணி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். நெற்றியைச் சுவரில் முட்டிக்கொண்டிருந்தாள். பலமாக இல்லை. யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற அளவில், மெதுவாக, ஒரே சீராக.

ரேடியோ அன்றைக்கு மூட்டையை அப்படியே போட்டுவிட்டாள். அண்ணியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

செருப்புக்கடைக்கு மேல் மாடியில் புதிதாகத் திறந்திருந்த பல் மருத்துவமனை அது. டாக்டர் சின்னப் பெண். சுவரில் வண்ணப் பூச்சு வாசம் இன்னும் போகவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்த்ததுமே, "ஐயோ, இவ்வளவு வீக்கத்தோட எப்படிம்மா இருந்தீங்க?" என்று எழுந்து வந்தாள். படம் எடுத்தாள். வேர் முழுக்கச் சீழ் என்றாள். பிறகு காகிதத்தை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டாள்.

"சர்க்கரை?"

"இல்ல" என்றாள் ரேடியோ.

"பிரஷர்?"

"இருக்கு. மாத்திரை போடறாங்க."

"ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை? எலும்புக்கு ஏதாவது மருந்து, ஊசி?"

தயாராக வந்த பதிலை ரேடியோ விழுங்கிக்கொண்டாள். இந்தப் பெண்ணும் விரலை எடுத்துவிடுவாள். இந்தப் பெண்ணும் காகிதத்தை மூடி, பெரிய ஆஸ்பத்திரி என்பாள். மறுபடி அந்தப் படிகளில் இறங்கி, மறுபடி அந்தச் சுவர்.

"இல்ல" என்றாள்.

நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணி கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் சீழுக்கு மருந்து கொடுத்து, வீக்கம் வடிந்தபின் சின்ன டாக்டர் பல்லை எடுத்தாள். துளி வலிகூடத் தெரியவில்லை என்று அண்ணி பிறகு சொன்னாள். அன்று மாலை மிதமான சூட்டில் ஒரு கிண்ணம் கஞ்சி குடித்துவிட்டு, இன்னொரு கிண்ணம் கேட்டாள். அது முடிந்ததும் மேசைமேல் தலை வைத்துத் தூங்கிப்போனாள். ரேடியோ இஸ்திரியை அணைத்துவிட்டு, சத்தம் போடாமல் எதிரே உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய்க்கு இவ்வளவு நிம்மதி கிடைக்குமென்றால் தினமும் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நிம்மதி நிலைக்கவில்லை. பல் போன குழி மூடவே இல்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரம் போயிற்று. உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக் கொப்பளித்து அண்ணியின் உதடு வெடித்தது. வாயிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. துணி மூட்டைகளில் எத்தனையோ வாடைகளைப் பார்த்த ரேடியோவுக்கு அது புதிதாக இருந்தது. அண்ணிக்கே அது தெரிந்தது. பேசும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு பேசுவதையே நிறுத்தினாள். பணம் கொடுக்க வந்த விடுதிக்காரர் ஒரு அடி பின்னால் போய் நின்றபோது, உள்ளே போய்விட்டவள் அவர் போகும்வரை வெளியே வரவில்லை.

சின்ன டாக்டரிடம் மறுபடி போனார்கள். அவள் குழியைச் சுத்தம் செய்தாள், மருந்தை மாற்றினாள். "ஆறணுமே, ஏன் ஆறல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "நிச்சயமா வேற மருந்து எதுவும் இல்லையே?"

ரேடியோ அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றாள் ரேடியோ. முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது தேவைப்பட்டது. முதலாவது வலியில் வந்தது. இரண்டாவது பயத்தில் வந்தது. அந்த வித்தியாசம் அவளுக்குப் படியிறங்கும்போதே தெரிந்தது, ஆனாலும் திரும்பி ஏறவில்லை.

வெயில் திரும்பிய ஒரு காலையில், கூடத்தின் வாசலில் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்து வாயைப் பார்த்தாள். குழியின் அடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. சாப்பாடு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, பஞ்சால் துடைத்தாள். போகவில்லை. பஞ்சு அதில் பட்டு, சொரசொரவென்று மாட்டியது. அண்ணிக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததுதான் ரேடியோவைப் பயமுறுத்தியது.

"என்ன பாப்பா தெரியுது?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குச் செருப்பை மாட்டறே?"

அன்றைக்குச் செருப்புக்கடைப் படிகளில் ரேடியோ முன்னால் ஏறினாள். சின்ன டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்தாள். அவள் கேள்வி கேட்கும்வரை ரேடியோ காத்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, எலும்புக்கு ஊசி போடறாங்க. ரெண்டு வருஷமா. நான்தான் இல்லைன்னு சொன்னேன்."

சின்ன டாக்டரின் முகம் வெளிறிப்போயிற்று. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகக் கையுறையைக் கழற்றினாள்.

"நேரா கேட்டேனே. ரெண்டு தடவை கேட்டேன்."

"சொன்னா நீங்களும் மாட்டேன்னு சொல்லிடுவீங்கன்னு... ஏற்கனவே ரெண்டு பேர் துரத்திட்டாங்க. இவங்க சுவத்துல முட்டிக்கிட்டு நின்னாங்க, டாக்டரம்மா. அதை நீங்க பார்க்கல."

"நான் துரத்தியிருக்க மாட்டேன்மா." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "பிடுங்காம வேரை மட்டும் சுத்தம் பண்ணி அடைக்க முடியுமான்னு முதல்ல பார்த்திருப்பேன். பிடுங்கித்தான் ஆகணும்னா, கடைசி ஊசி எப்பப் போட்டாங்க, அடுத்தது எப்ப வருதுன்னு எலும்பு டாக்டர்கிட்ட நானே போன்ல பேசியிருப்பேன். முன்னாடியே வாயைச் சுத்தம் பண்ணி, எடுத்ததும் ஈறை இழுத்துத் தைச்சு மூடியிருப்பேன். அப்பவும் ஆயிரத்துல, பத்தாயிரத்துல ஒருத்தருக்கு இப்படி ஆகலாம். ஆனா நாம நம்மால முடிஞ்சதைப் பண்ணியிருப்போம்."

"அந்த ஒருத்தர் எங்க அண்ணிதானா?"

சின்ன டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியின் தாடைப் பிரிவில் தனக்குத் தெரிந்தவரை உடனே போனில் கூப்பிட்டாள்.  அண்ணி மட்டும் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு, வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பும் வழியிலும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் சொன்னாய் என்றும் கேட்கவில்லை, ஏன் சொல்லாமல் இருந்தாய் என்றும் கேட்கவில்லை. வண்டிக்காரர் பார்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல, "என்ன ரேடியோ, இன்னிக்குக் கரண்ட் இல்லையா?" என்றார். அவள் பதில் பேசாததில் அவரே பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

தாடை டாக்டர் நரைத்த தலை அம்மாள். செத்த எலும்பை உடனே வெட்டப் போனால் இன்னும் பெரிதாகலாம், இப்போதைக்குச் சுத்தமாக வைத்துக்கொண்டு காத்திருப்போம், உடம்பே அதைத் தள்ளிவிட்டாலும் விடும் என்றார். கொப்பளிக்க மருந்துத் தண்ணீர், அவ்வப்போது மாத்திரை, மாதம் ஒருமுறை சோதனை. எவ்வளவு நாளாகும் என்று ரேடியோ கேட்டதற்கு, "பொறுமையா இருங்க" என்பதுதான் பதில்.

பொறுமை ரேடியோவுக்குக் கைவந்த கலையல்ல. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. தன்னை அடித்துக்கொண்டு பார்த்தாள், போதவில்லை. கடைசியில் கோபமெல்லாம் அந்த ஊசியின் மேல் திரும்பியது. எலும்பு டாக்டரிடமிருந்து அடுத்த ஊசிக்கு வரச் சொல்லி போன் வந்தது. "வரோம், வரோம்" என்று சொல்லி வைத்தாள்.

"ஊசி நாள் வந்துடுச்சு போலிருக்கே" என்றாள் அண்ணி, மருந்துத் தண்ணீரைத் துப்பிவிட்டு.

"வந்தா வரட்டும். அந்தச் சனியனாலதானே இந்தக் கதி. இன்னும் ஒண்ணு போட்டு மிச்சத் தாடையும் போகணுமா?"

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேட்டா போடத்தான் சொல்வாங்க. சரக்கு விக்கறவன் என்னிக்காவது வேணாம்னு சொல்வானா?"

"முதுகு?"

"முதுகுதான் நல்லாயிருக்கே. மூட்டை நான் தூக்கறேன். நீங்க உக்காந்து மடிச்சாப் போதும்."

அண்ணி கொஞ்ச நேரம் யோசித்தாள். வாய்க்குள் இருந்த புண் அவளுக்காகவும் யோசித்தது. "சரி, உனக்குத் தெரியும்" என்றாள்.

ரேடியோவுக்கு ஒன்றும் தெரியாது. தாடை டாக்டரிடமும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாதங்கள் போயின. அண்ணியின் புண் பெரிதாகவும் இல்லை, மூடவும் இல்லை. கஞ்சி, பால், வேகவைத்து மசித்த காய், ரொட்டியின் நடுப்பகுதி. அண்ணி இளைத்துப்போனாள். சட்டை தோளிலிருந்து நழுவியது. ஆனாலும் தினமும் நாற்காலியை மேசைக்கு இழுத்துப்போட்டு உறைகளை மடித்தாள்.

வெயில் கொளுத்திய ஒரு நாள். கயிறெல்லாம் நிறைந்து, விரிப்புகள் பலகை மாதிரிக் காய்ந்து மொறமொறத்தன. இப்படிக் காய்ந்தால் ஒரே நாளில் எல்லா மூட்டையும் முடிந்துவிடும் என்று ரேடியோ வெகுநாளைக்குப் பிறகு சத்தமாகப் பேசிக்கொண்டு உள்ளே வந்தாள். அண்ணியின் மடியிலிருந்து ஒரு தலையணை உறை நழுவித் தரையில் விழுந்தது. அண்ணி அதை எடுக்கக் குனிந்தாள். அவ்வளவுதான். ஈர மூட்டை இல்லை, வழுக்கல் இல்லை. கையில் உறையோடு அப்படியே முழங்காலில் இறங்கி, பக்கவாட்டில் சரிந்தாள். சத்தம் போட வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

பழைய எலும்பை விட்டு வேறு மூன்று எலும்புகள் நசுங்கியிருந்தன.

எலும்பு டாக்டர் கட்டிலருகே வந்து நின்றார். கடைசி ஊசி எப்போது என்று பார்த்தவர், ரேடியோவை வெளியே கூப்பிட்டார்.

"இந்த ஊசியைத் திடீர்னு நிறுத்தவே கூடாதும்மா. நிறுத்தணும்னா வேற மருந்துக்கு மாத்தித்தான் நிறுத்தணும். இல்லன்னா இத்தனை நாள் அடக்கி வச்சதெல்லாம் மொத்தமாத் திரும்பி வந்து எலும்பை அரிச்சுடும். இப்ப நடந்திருக்கறது அதுதான்."

"போட்டா தாடை போகுது. போடலன்னா முதுகு போகுது. அப்ப மனுஷி எங்கதான் போறது, டாக்டர்?"

"தாடை டாக்டரும் நானும் பேசி..."

"இப்பப் பேசறீங்க!" ரேடியோவின் குரல் நடைபாதை முழுக்க ஓடியது. தாதிகள் திரும்பிப் பார்த்தார்கள். "பல்லைப் பிடிச்சுக்கிட்டு வாசல் வாசலா நின்னோமே. அவர் உங்களைக் கேளுன்னார், உங்க ஆள் அவரைக் கேளுன்னார். உங்ககிட்டதானே போன் இருக்கு? எங்க வண்டிக்காரர் ஒரு கைக்குட்டை காணாமப்போனாக்கூட மூணு பேருக்குப் போன் பண்ணுவார். ஒரு ஆளோட வாயைப் பத்தி நீங்க ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை பேசிக்க மாட்டீங்களா?"

"என்கிட்ட யாரும் சொல்லலைம்மா" என்றார் அவர். அவர் பொய் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் அவரை என்ன செய்வது? ரேடியோ சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். தான் சொல்லாமல் விட்டதையெல்லாம் நினைத்தபோது, அவரைப் பார்த்துக் கத்துவதற்குத் தனக்கு என்ன வாய் இருக்கிறது என்று தோன்றியது.

உள்ளே போனாள். அண்ணியை மல்லாத்திப் படுக்கவைத்து, நெஞ்சையும் இடுப்பையும் பட்டையால் இறுக்கியிருந்தார்கள். அண்ணியின் விரல்கள் படுக்கை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தன.

"மட்டமான சலவை. சோப்பு போகவே இல்ல" என்றாள் அண்ணி, கூரையைப் பார்த்தபடி.

"அண்ணி."

"உம்."

"பல்லும் என்னால போச்சு. முதுகும் என்னால போச்சு. உங்களைக் கொஞ்சம் கொஞ்சமா நானே கொல்றேன். திட்டுங்க அண்ணி. ஒருதடவை வாய்விட்டுத் திட்டிடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அண்ணி மெதுவாக மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். முழுமூச்சு விட முதுகு இடம் கொடுக்கவில்லை.

"மூச்சு விட்டாலே வலிக்குது, பாப்பா. இப்ப எங்கேருந்து திட்டறது? தெம்பு வந்ததும் திட்டறேன்."

ரேடியோ கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவளுடைய தலையில் அண்ணியின் கை வந்து விழுந்தது. தடவவில்லை. தூக்கிவைக்கத்தான் சக்தி இருந்தது, அதற்குமேல் இல்லை.

இரண்டு டாக்டர்களும் பேசினார்கள். ஊசியைத் தொடர்வது, தாடையை இன்னும் கவனமாகப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எது ஜெயிக்கும் என்று இருவருமே உறுதி சொல்லவில்லை. அண்ணிக்கு ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவள் முன்னைவிட நாலு விரற்கடை குள்ளமாகியிருந்தாள். பட்டையோடு எழுந்து சுவரைப் பிடித்து நடக்கப் பழகுவதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. அவள் கட்டிலை ரேடியோ இஸ்திரி மேசைக்குப் பக்கத்திலேயே போட்டாள். விடுதிகளில் ஒன்று வேறு சலவைக்குப் போய்விட்டது. ஒருத்தியால் முடிந்த அளவுக்கு ரேடியோ துவைத்தாள், பிழிந்தாள், தேய்த்தாள். நாளில் பலமுறை அண்ணியைச் சாய்த்து உட்காரவைத்துக் கொப்பளிக்க வைத்தாள். வாயைப் பார்ப்பாள். வெள்ளை அங்கேயே இருக்கும். பேசாமல் மூடிவிடுவாள். பேச்சில்லாத ரேடியோவைத் தெரு முதலில் கேலி செய்தது, பிறகு அக்கறையாக விசாரித்தது, பிறகு விட்டுவிட்டது.

ஒரு காலை, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணி சட்டென்று வாயை மூடி, கையை உயர்த்தி நிறுத்தினாள். ஏதோ கல் என்பதுபோல நாக்கால் துழாவி, உள்ளங்கையில் துப்பினாள்.

பூசணி விதையைவிடச் சற்றுப் பெரிய துண்டு. மஞ்சள் பாய்ந்து, ஓரமெல்லாம் அரித்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது.

ரேடியோவுக்குக் கிண்ணம் கையிலிருந்து சரிந்தது. "அண்ணி, இது..."

"எலும்புதான்."

அண்ணி அதை விரலால் புரட்டிப் பார்த்தாள். முகத்தில் பயமில்லை. மூட்டையில் வந்த யாருடையதோ பொத்தானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"ஒரேயடியாப் போனா உனக்குக் கஷ்டம்னு, சாமானை ஒண்ணொண்ணா முன்னாடி அனுப்பிட்டிருக்கேன்" என்றாள்.

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகி, மறுபடி சிரிப்பாகி, எது எதுவென்று பிரிக்க முடியாமல் அவளை உலுக்கியது. கஞ்சி கொட்டிய விரிப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணி அவளை அடங்க விட்டாள். பிறகு, "பாரு" என்று வாயைத் திறந்தாள்.

குழியின் அடியில் வெள்ளை இல்லை. சிவந்த சதை இருந்தது. ஈரமாக, சுற்றிலும் ஈறு உள்நோக்கிச் சரிந்து. ஆறும் என்று நம்பலாமா கூடாதா, ரேடியோவுக்குத் தெரியவில்லை. சின்ன டாக்டருக்குப் படம் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே கூப்பிட்டு, நல்ல அறிகுறிதான், ஆனால் அடுத்த பல்லைச் சுற்றியும் ஈறு வீங்கியிருப்பதுபோல் தெரிகிறது, அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தாடை டாக்டரிடமும் நானே பேசுகிறேன் என்றாள்.

போனை வைத்துவிட்டு ரேடியோ இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு எல்லாவற்றையும், அடுத்த பல்லையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

அண்ணி கேட்டுக்கொண்டாள். வெளியே மழை ஓட்டுச் சரிவில் இறங்கி வாசலில் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே கயிற்றில் விரிப்புகள் அசையாமல் தொங்கின.

"அடுத்த ஊசி என்னிக்கு?"

"வர்ற வாரம், அண்ணி. போடணுமா?"

"போட்டுக்கறேன். கஞ்சி குடிச்சாவது நிமிர்ந்து உக்காரணும். படுத்துக்கிட்டே உன் மூஞ்சியைப் பார்க்க என்னால முடியல."

"சரி அண்ணி. அதுக்கு முன்னாடி பல் டாக்டர்கிட்டப் போயிடலாம். வண்டிக்காரரை வரச் சொல்றேன். ரெண்டு இடத்துலயும் நானே எல்லாத்தையும்..."

"பாப்பா."

"சொல்லுங்க."

"அங்க கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன்" என்றாள் அண்ணி. "நீ வாயைத் திறக்காதே."